கல் நிரப்பிய லென்ஸ் பெட்டி

அத்தியாயம் 3

பெட்டிக்குள் கல் இருந்தது. யேசுதாஸ் அதற்கு ஒரு கும்பிடு போட்டான்.

"கல்லுக்கு எதுக்குய்யா கும்பிடு?" என்றாள் இளவரசி.

"காஞ்சிபுரத்துல எந்தக் கல்லையும் சும்மா விடக்கூடாது மேடம். அப்புறம் அது ஏதோ ஒரு கோயில் கல்லுன்னு தெரிஞ்சா சங்கடம்."

"நீ சர்ச்சுக்குப் போறவன்."

"ஊரு இதாச்சே. ஒரு முன்ஜாக்கிரதைதான்."

பெட்டிக்கும் அந்த வீட்டுக்கும் சொந்தக்காரர் சிரிக்கவில்லை. பட்டுக்கடை மாணிக்கவாசகத்துக்கு ஐம்பத்தாறு வயது. கடையை மகன்களிடம் விட்டுவிட்டு ஒன்பது வருடமாகப் பறவைகளைப் படமெடுத்து வருகிறார். போன மாதம் அவருடைய படம் ஒன்று பெரிய பரிசு வாங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊரிலேயே கண்காட்சி. அன்றைக்கு வெள்ளி.

"நானூறு எம்எம், டூ பாயிண்ட் எய்ட்" என்றார் மாணிக்கவாசகம், செத்துப்போனவரின் வயதைச் சொல்கிற குரலில். "எங்கிட்ட நாலு லென்ஸ் இருக்குது. ஆனா எனக்கு லென்ஸுன்னா அது ஒண்ணுதான்."

இளவரசிக்குப் புரியவில்லை என்பதை யேசுதாஸ் கவனித்தான். அவள் பன்னிரண்டு வருடம் ஒரு பெரிய பட்டுக் கடையில், புடவைக்குள் புடவையைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்களைப் பிடிக்கிற வேலையில் இருந்தவள். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அவளுடைய உதவியாளனான யேசுதாஸ் அதற்கு முன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். ஆகவே கேமரா சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவன்தான் அகராதி.

"சாயங்காலம் நாம டார்ச் அடிச்சுத் தேடுற நேரத்துலகூட அது படம் புடிக்கும் மேடம்" என்றான். "வாய் அவ்ளோ பெருசு. ஆனா ஒரு குணம் உண்டு. பார்க்கிறதை மட்டும்தான் தெளிவாப் பார்க்கும். நாலு விரல் முன்னாடி, நாலு விரல் பின்னாடி எல்லாம் புகை மாதிரி கலைஞ்சுடும்."

"கல்யாணத்துக்கு நல்லாயிருக்குமே."

"பொண்ணு தெளிவா வந்தா மாப்பிள்ளை மேகத்துல நிப்பான். சண்டை வந்துடும்."

மாணிக்கவாசகம் இருமினார். இளவரசி குறிப்பேட்டைத் திறந்தாள்.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தாமல் ஏரியில. வெளிச்சம் போனதும் பெட்டியில வச்சேன். நம்பர் பூட்டு. கார்ல வந்துச்சு, அலமாரியில ஏறிச்சு. இன்னிக்குக் காலைல திறந்தா இது."

"பூட்டை உடைக்கலையே?"

"இல்ல."

"வேற ஏதாவது காணோமா?"

"ஒண்ணுமில்ல… ஒரு துணிப்பை. உள்ள மொச்சைக்கொட்டை ரொப்பியிருக்கும். லென்ஸுக்குக் கீழ முட்டுக் குடுக்கிறதுக்கு. அது போனா போவுது, பழசு."

"ஏரிக்கு உங்ககூட யாரு வந்தா?"

"யாரும் இல்ல. தனியாத்தான் போவேன். காட்டுயிர்ப் படம் எடுக்கிறது ஒரு தவம் மாதிரிம்மா."

"போலீஸ்ல சொல்லலையா?"

"வேணாம். சத்தமில்லாம கிடைக்கணும்" என்று அவசரமாகச் சொன்னார்.

யேசுதாஸ் கல்லைத் தூக்கிப் பார்த்தான். பச்சைப் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. பட்டு நூல் எடை போடுகிற மின்தராசு மூலையில் இருந்தது. கல்லை அதில் வைத்தான். இரண்டு கிலோ தொள்ளாயிரத்துப் பத்து.

"லென்ஸ் எவ்ளோ சார்?"

"ரெண்டு கிலோ எண்ணூத்தித் தொண்ணூறு."

"இருபது கிராம்தான் வித்தியாசம்" என்றான் யேசுதாஸ். "எங்க தெரு காய்கறிக்காரர் இவரைப் பார்த்துத் திருந்தணும்."

இளவரசி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் பரிசு வாங்கிய படம் பெரிதாக மாட்டியிருந்தது. ஒரு மீன்கொத்தி, தண்ணீரில் நட்ட குச்சியின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பின்னால் ஏரி முழுக்கப் பொன்னாகக் கரைந்திருந்தது. கீழே 'தவம்' என்று எழுதியிருந்தது. யேசுதாஸ் வந்தவுடனேயே அதைத் தன் கைபேசியில் படமெடுத்துக்கொண்டுவிட்டான். அவ்வளவு அழகு. ஆனால் இளவரசி பார்த்தது அதை அல்ல. பக்கத்தில் மூன்று சின்னப் படங்கள் இருந்தன. மூன்றிலும் மாணிக்கவாசகமே, தோளில் லென்ஸோடு, ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்றார்.

"நல்லா வந்திருக்குது. யாரு எடுத்தது?"

"எது? அதுவா? யாரோ… அங்க ஏரியில இருந்தவன்."

இளவரசி தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

தெருவுக்கு வந்ததும் யேசுதாஸ் ஸ்கூட்டரை உதைத்தான். "மூணு படம். தலையில இருக்கிற நரையை வச்சுப் பார்த்தா மூணும் வேற வேற வருஷம். மூணுலயும் தண்ணி மேல ஒரு நிழல் விழுந்திருக்குது மேடம். எடுத்தவனோட நிழல்."

"முண்டாசு."

"அதேதான். அந்த 'யாரோ' ஒரே முண்டாசைக் கட்டிக்கினு ஒம்போது வருஷமா வந்துக்கினு இருக்கான்."

"கல்லோட எடையைப் பார்த்தியே. தினம் தூக்கின கைக்குத்தான் இருபது கிராம் சுத்தமா எடை தெரியும்" என்று சொல்லி அவள் பின்னால் ஏறினாள். "லென்ஸை விக்கிறவனுக்கு மொச்சைக்கொட்டை எதுக்கு யேசு? பையையும் எடுத்துக்கினு போனவன் படம் எடுக்கப் போறவன். வண்டியைத் தாமலுக்கு விடு."

தாமல் ஏரிக்கரை டீக்கடையில் பூவம்மாள் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். முண்டாசு கட்டிய ஆள் ஒருவரைத் தேடுகிறோம் என்றதும் கரண்டியை நிறுத்தினாள்.

"முண்டாசு கட்டாதவனைக் கேளும்மா, சொல்றேன்."

"பட்டுக்கடைக்காரர் கேமராவைத் தூக்கிக்கினு போறவரு."

"அட, கண்ணாயிரம்! மதகாண்ட வலை போட்டுக்கினு இருக்கும். ஒம்போது வருஷமா அந்த வெள்ளைக் குழாயைத் தூக்கித் தூக்கி ஒரு தோள் எறங்கியே போச்சு பாவம்."

"தனியாத்தான் போவாராமே அவரு?" என்றான் யேசுதாஸ், பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே.

"யாரு, பட்டுக்கடைக்காரரா? அவருக்குச் செருப்பைக் கழட்டி வைக்கவே ஒரு ஆளு வேணும்."

கண்ணாயிரம் மதகுக்குப் பக்கத்தில், தெர்மாகோலை வலையில் வைத்துக் கட்டிய மிதவையின் மேல் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். இடது தோள் நிஜமாகவே இறங்கியிருந்தது. இருவரையும் பார்த்ததும் அவர் ஓடவில்லை. வலையை மடித்து வைத்தார்.

"பட்டுக்கடை சார் அனுப்பிச்சாரா?"

"ஆமா. லென்ஸ் எங்கேங்க?" என்று கேட்டாள் இளவரசி.

அவர் மீன் கூடையின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளை விலக்கினார். உள்ளே, மொச்சைப் பையின் மேல், துண்டு சுற்றித் தூங்குகிற பிள்ளை மாதிரி லென்ஸ் கிடந்தது.

யேசுதாஸுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "கேஸ் ஒரு பஜ்ஜிக்குள்ள முடிஞ்சுடுச்சே மேடம்."

"எதுக்கு எடுத்தீங்க?" என்றாள் இளவரசி.

கண்ணாயிரம் கூடைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கேமராவை எடுத்தார். "போன தீவாளிக்கு சார் குடுத்தாரு. ஒம்போது வருஷத்துக்கு இதான் பரிசு."

யேசுதாஸ் வாங்கிப் பார்த்தான். வெறும் உடம்பு, முன்னால் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. "இது எதுக்குங்க ஆகும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். வச்சுக்கோன்னாரு." கேமராவில் லென்ஸை மாட்டிக் காட்டினார், கை பழகியிருந்தது. "மூணு நாளா எடுக்கிறேன். ஒண்ணும் சரியா விழ மாட்டேங்குது."

யேசுதாஸ் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். முந்நூறு படம். முதல் இருநூறில் ஏரி முழுக்கப் பால் கொட்டினது போலிருந்தது. அடுத்த ஐம்பதில் கோரைப் புல் அற்புதமாக வந்திருந்தது. அப்புறம் ஒரு பச்சைக் கூடாரத்துக்கு முன்னால் யாரோ குனிந்திருந்தார்கள். ஒன்றில் அந்த ஆளுடைய காது மட்டும் தெளிவாக இருந்தது.

"யாரு காதுங்க இது?"

"சாரோடது. நேத்து மறைஞ்சு படம் எடுக்கிற கூடாரத்தை அடிக்க மட்டும் வந்துட்டுப் போனாரு."

இளவரசி கரையிலேயே உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

கண்ணாயிரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதல் மூன்று வருடம் காத்திருந்துதான் படமெடுத்தார்கள். அப்புறம் மாணிக்கவாசகத்துக்குப் பொறுமை போய்விட்டது. மீன்கொத்தி ஒன்றை வலையில் பிடித்துத் தரச் சொன்னார். கண்ணாயிரம் பிடித்துக் கொடுத்தார். அதன் காலில் பட்டு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைக் குச்சியில் கட்டினார்கள். பறவை பறக்கப் பார்க்கும், முடியாது, களைத்து உட்காரும். அப்போது படமெடுப்பார். எடுத்து முடித்ததும் அவிழ்த்து விட்டுவிடுவார்கள்.

"ஒத்தை இழை, முறுக்காத பட்டு. மயிரு மாதிரி இருக்கும்மா. மத்த லென்ஸுல எடுத்தா அதுவும் தெரிஞ்சுடுது. இதுல தெரியாது. பறவையோட கண்ணு மட்டும் விழும், பின்னாடி போற நூலு கரைஞ்சுடும். அதான் சாருக்கு இது மேல உசுரு."

யேசுதாஸ் லென்ஸைப் பார்த்தான். காலையில் தானே சொன்ன புகை அவன் நினைவுக்கு வந்தது.

"அந்தப் பரிசு வாங்கின படம்?" என்றான்.

"அன்னிக்கு சார் படம் எடுத்த சந்தோசத்துல போன் பேசிக்கினே கார்ல ஏறிட்டாரு. நான் சாமானை எல்லாம் கட்டி ஏத்திட்டு அவுத்து வுடலாம்னு வந்தேன். பயந்து குதிச்சு, நூலு குச்சியைச் சுத்திக்கினு தலைகீழாத் தொங்கிக்கினு இருந்துச்சு. செத்துப்போச்சு." கண்ணாயிரம் முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "அதுக்குப் போயி தவம்னு பேரு வச்சிருக்காரு. இனிமே புடிச்சுத் தர மாட்டேன்னுட்டேன். வேற ஆளை வச்சு ஒரு மீன்கொத்தியைப் புடிச்சுட்டாரு. இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கூடையோட வராராம். ஞாயித்துக்கிழமைக்கு இன்னொரு படம் வேணுமாம். சொன்னா யாரு நம்புவாங்க? அவரு கட்டறதைப் படம் புடிச்சு வன ஆபீஸ்ல குடுக்கலாம்னுதான் எடுத்தேன். பெட்டியைப் பூட்டி கார்ல ஏத்துறது நான்தானே, நம்பர் தெரியும், கல்லை வச்சு ஏத்திட்டேன். திருடணும்னு இல்ல."

யேசுதாஸ் இளவரசியைப் பார்த்தான். "மேடம், அவரு நம்ம கிளையண்ட்."

"ஆமா."

"லென்ஸைக் கண்டுபிடிக்கச் சொன்னாரு. கண்டுபிடிச்சுட்டோம்."

"ஆமா. ஆனா மூணு நாளா ஏரியில கெடந்த பொருள். வேலை செய்யுதான்னு பார்க்காம திருப்பிக் குடுக்கக்கூடாது யேசு. ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்துடு."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவனுக்கு விஷயம் புரிய இரண்டு நொடி ஆனது. தனக்கு நீச்சல் தெரியாது என்பது நினைவுக்கு வர இன்னும் ஒரு நொடி.

ஐந்தரை மணிக்குக் கோரைப் புல் மறைவில் மிதவை நின்றது. முன்னால் யேசுதாஸ் குப்புறப் படுத்திருந்தான். பின்னால் கண்ணாயிரம் மூங்கிலை ஊன்றிப் பிடித்திருந்தார். மிதவை மூச்சு விட்டால்கூட ஆடியது. பதினைந்து மீட்டர் தள்ளிக் கரையோரம் பச்சைக் கூடாரம். மாணிக்கவாசகம் கூடையோடும் வேறொரு லென்ஸோடும் வந்திறங்கி, கண்ணாயிரத்தின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்து, திட்டிவிட்டு, தானே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

யேசுதாஸின் காதில் கம்பியில்லா இயர்போன். மறுமுனையில் கரைமேட்டு வேலமரத்துக்குப் பின்னால் இளவரசி.

"மேடம், ஒரு சிக்கல்" என்று கிசுகிசுத்தான். "வெளிச்சம் போய்க்கினு இருக்குது. லென்ஸைத் தாராளமாத் திறந்தாத்தான் படம் விழும். திறந்தா, நாலு விரல் அளவுதான் தெளிவு. அவரு கையை நீட்டிக் கட்டுறாரு. மூஞ்சியைப் புடிச்சா நூலு புகையாயிடும். நூலைப் புடிச்சா மூஞ்சி புகையாயிடும். மூஞ்சி இல்லாத நூலுக்கு யாரு மேல கேஸ் போடுவாங்க?"

"அவரு பரம்பரையா தறிக்காரங்க வீட்டுல பொறந்தவரு" என்றாள் இளவரசி. "முடிச்சுப் போட்டதும் மிச்ச நூலை என்ன பண்ணுவாரு?"

"கத்தரிக்கோலால வெட்டுவாரு."

"இந்த ஊருல இழை முடிஞ்சு வளர்ந்தவங்க கை கத்தரிக்கோலைத் தேடாது யேசு. பன்னெண்டு வருஷம் பார்த்திருக்கேன். பல்லுதான். காத்திரு."

யேசுதாஸ் மாணிக்கவாசகத்தின் வாயின் மேல் குறியை வைத்தான். வியர்வை மூக்கு நுனியில் இறங்கித் தண்ணீரில் சொட்டியது. மாணிக்கவாசகம் கூடைக்குள் கையை விட்டார். நீலமாக ஏதோ துடித்தது. குச்சிப் பக்கம் குனிந்தார். விரல்கள் ஒருமுறை சுற்றின, இன்னொரு முறை. பதினெட்டு வருடம் தாலி கட்டுகிற நொடிக்காகக் காத்திருந்த விரல் யேசுதாஸுடையது. மூன்றாம் முடிச்சுக்கு முன்னால் அது எப்போதும் அசைந்ததில்லை.

மாணிக்கவாசகம் பறவையை முகத்தருகே கொண்டுவந்தார். நூலைப் பல்லுக்கிடையில் வைத்தார்.

கேமரா கடகடவென்று பதினொரு முறை சத்தமிட்டது.

"விழுந்துச்சா?" என்றாள் இளவரசி.

யேசுதாஸ் திரையைப் பெரிதாக்கினான். கண், பல், நூல், பறவையின் கால், எல்லாம் ஒரே தட்டில் பரிமாறினது போல் இருந்தன. "விழுந்துச்சு மேடம். ஒம்போது வருஷத்துல இந்த லென்ஸ் எடுத்த முதல் நிஜமான மிருகப் படம்."

வேலமரத்துக்குப் பின்னாலிருந்து இளவரசி வெளியே வந்து, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி நிதானமாக இறங்கிப்போவதை அவன் லென்ஸ் வழியாகவே பார்த்தான். தண்ணீர் மேல் குரல் தெளிவாக வந்தது.

"சார், லென்ஸ் கிடைச்சுடுச்சு."

மாணிக்கவாசகத்தின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "எங்கம்மா?"

இளவரசி ஏரிப்பக்கம் கையைக் காட்டினாள். அவர் திரும்பினார். அவருடைய கண் நேராக லென்ஸுக்குள் பார்த்தது. யேசுதாஸுக்கு அந்தப் பார்வையைப் படமெடுக்கத் தோன்றவில்லை.

கண்ணாயிரம் மூங்கிலை அழுத்தி மிதவையைக் கரைக்குக் கொண்டுவந்தார். "நான்தான் சார் எடுத்தேன்" என்றார்.

"நீயா?" மாணிக்கவாசகத்தின் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"மொதல்ல அதை அவுருங்க" என்றாள் இளவரசி.

அவருடைய விரல்களுக்கு முடிச்சு அகப்படவில்லை. கண்ணாயிரம் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பறவையை வாங்கிக்கொண்டார். நகத்தால் இழையை மெல்ல மெல்லப் பிரித்தார். மீன்கொத்தி நன்றி சொல்லவில்லை. அவருடைய கட்டைவிரலைக் கொத்தி ரத்தம் வரவழைத்துவிட்டு, ஏரியின் மேல் தாழப் பறந்து கோரைக்குள் மறைந்தது. கண்ணாயிரம் விரலைப் பார்த்தார்.

"பரவாயில்ல. தெம்பாத்தான் இருக்குது" என்றார்.

இளவரசி மாணிக்கவாசகத்திடம் திரும்பினாள். "நாளைக்குப் பத்து மணிக்கு இந்தப் படம் வன அலுவலகத்துக்குப் போவுது சார். நீங்களே போனா, நீங்களா வந்தீங்கன்னு எழுதிக்குவாங்க."

"எம் பேரு போயிடும்மா."

"நானும் வரேன்" என்றார் கண்ணாயிரம். "புடிச்சுக் குடுத்தவன் நான்தானே. என் பேரும் இருக்கணும்."

மாணிக்கவாசகம் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாயிரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்த இறங்கிய தோளை அவர் அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறார் என்று யேசுதாஸுக்குப் பட்டது.

சனிக்கிழமை பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மாணிக்கவாசகம் வன அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கண்ணாயிரம் அதற்கும் முன்பே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கு உண்டு, அபராதமும் வரும் என்று அலுவலர் சொன்னார். பரிசைத் திருப்பித் தருவதாக மாணிக்கவாசகம் தனியாக ஒரு கடிதம் எழுதி, கண்காட்சியில் அந்தப் படம் இருக்காது என்றும் அதில் சேர்த்தார். லென்ஸ் தொலைந்ததைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

கடைசியாக அலுவலர் யேசுதாஸ் எடுத்த படத்தின் அச்சை மேசையில் வைத்தார். "இதுல இருக்கிறது நீங்கதானா? பார்த்துட்டுப் பின்னாடி கையெழுத்துப் போடுங்க."

மாணிக்கவாசகம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கப் பார்க்கிறார் என்பது யேசுதாஸுக்குத் தெரிந்தது.

"நான்தான்" என்றார் கடைசியில். பேனாவைத் திறந்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு."

கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைக் கண்ணாயிரத்திடம் நீட்டினார்.